இடது பாதி

பெர்த்
11 மே 2025

தம்பி லோகாவுக்கு,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதைப் படிக்கிறாய், பதில் எழுதுவதில்லை. அம்மாவைக் கேட்டால், "ரூம்ல இருக்கான், தூங்குறான் போல" என்கிறாள். பட்டப்பகலில் இவ்வளவு தூங்குகிற ஆள் நீ இல்லை. அதனால்தான் மின்னஞ்சல். இதில் உன் முகத்தை நானும் என் முகத்தை நீயும் பார்க்க வேண்டியதில்லை. அது உனக்குச் சௌகரியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

விபத்து நடந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது. என் லீவு முடிந்து நான் பெர்த்துக்குத் திரும்பிய பிறகு நீ வீட்டை விட்டு இறங்கியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்று கேள்விப்பட்டேன். உனக்கு ஒரு கேம் மெஷின் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். ஒரு கையால் விளையாட எது தோது என்று இந்த ஒரு வாரமாகத் தேடிப் பார்த்தேன். பிளேஸ்டேஷனுக்கு வட்டமாக ஒரு தனிக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. மேசைமேல் வைத்துக்கொண்டே விளையாடலாம். எக்ஸ்பாக்ஸுக்கு ஒரு பலகை மாதிரி. அதில் பெரிய பெரிய பொத்தான்களைச் செருகிக் காலால்கூட மிதிக்கலாமாம். கம்ப்யூட்டர் என்றால் மௌஸ் போதும். போனில் விளையாட எதுவும் வாங்கவே வேண்டாம், ஆனால் உன் கண்ணுக்கு நல்லதில்லை. என்னைக் கேட்டால் பிளேஸ்டேஷன். உனக்குப் பழகியது. நீ சரி என்றால் உடனே ஆர்டர் போடுகிறேன்.

அப்புறம், நரம்பு டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டிருந்தாராம். அதற்கும் ஒரு பதில் சொல்லிவிடு. ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் பலன் என்று என்னிடமும் சொன்னார்.

அன்புடன்,
ஜெகா அக்கா


பாயான் பாரு
14 மே 2025

அக்கா,

நான் வார்டில் படுத்திருந்தபோது என் பிளேஸ்டேஷனைக் கீழ்மாடி சலேஹா அக்காவின் மகள் ஹனாவுக்குத் தூக்கிக் கொடுத்தவள் நீ. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் டிவிக்குக் கீழே பிளாஸ்டிக் பூச்சாடி இருக்கிறது. செத்துப்போனவனின் சாமான்களைத்தான் அப்படி எடுத்துக் கொடுப்பார்கள். நான் செத்துப்போகவில்லை. இடது தோளுக்குக் கீழே கை மட்டும்தான் அசையவில்லை.

இப்போது புதிது வாங்கித் தருகிறேன் என்கிறாய். கடிதத்தின் கடைசியில் ஆபரேஷனைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கப் பார்க்கிறாய் என்பது எனக்குத் தெரியாதா? எனக்கு எதுவும் வேண்டாம்.

நீ எழுதியதில் பாதி தப்பு. அந்த வட்டக் கருவியில் ஒரே ஒரு குச்சிதான் உண்டு. நடக்க ஒன்று, சுற்றிப் பார்க்க ஒன்று என்று எனக்கு இரண்டு வேண்டும். எக்ஸ்பாக்ஸ் பலகையைத் தனியாக வாங்கி ஒரு புண்ணியமும் இல்லை. அதில் செருகுகிற சாமான்களையெல்லாம் வேறு வாங்க வேண்டும். காலால் மிதித்து விளையாட நான் தையல் மெஷின் ஓட்டப் போவதில்லை.

ஹனாவிடமிருந்து அதைத் திரும்பக் கேட்கவும் வேண்டாம். அவள் சந்தோஷமாக இருக்கிறாள். தரை வழியாகச் சத்தம் கேட்கிறது.

லோகேஸ்வரன்


பெர்த்
20 மே 2025

லோகா,

நீ முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டால் கோபத்தில் இருக்கிறாய் என்று அர்த்தம். சரி, கோபப்படு.

அதை ஏன் கொடுத்தேன் என்று சொல்கிறேன். உன் துணிகளை எடுத்து வரத்தான் வீட்டுக்குப் போனேன். ஹாலில் சோபாமேல் அதன் கட்டுப்பாட்டுக் கருவி கிடந்தது. இரண்டு கையால் பிடிப்பதற்கென்றே செய்த சாமான். நீ வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் எடுக்கப் போவாய், எடுத்துவிட்டு அப்படியே நிற்கப் போவாய் என்று தோன்றியது. அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உனக்காகச் செய்கிறேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது எழுதும்போது, அது எனக்காகவும் இருக்குமோ என்று சந்தேகம் வருகிறது.

ஆபரேஷனைப் பற்றி இனி நான் வாய் திறக்க மாட்டேன். மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் தப்பாக எழுதியதைத் திருத்துவதற்கு நீ இவ்வளவு எழுதினாயே, அதுவே எனக்குப் போதும். இன்னும் எழுது. எது சரி என்று நீயே சொல். எனக்கு இந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூட ஆபீஸில் பிரிண்டர் ரிப்பேரானால் கூப்பிடுவதற்குக்கூட இங்கே ஓர் ஆள் இருக்கிறார்.

ஜெகா


பாயான் பாரு
8 ஜூன் 2025

அக்கா,

சரி, கேட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

நானும் யோசித்துப் பார்த்தேன். போன் வேண்டாம். மேசையில் சாய்த்து வைத்தாலும் அதில் இரண்டு கட்டை விரலுக்குத்தான் வேலை இருக்கிறது. ஒரு விரல் இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் களைத்துப் போகிறது. கையில் தூக்கி விளையாடும் சின்ன கம்ப்யூட்டர் இப்போது நிறைய வந்திருக்கிறது. எல்லாம் கனம், மடியில் நிற்காது. பிளேஸ்டேஷனைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

மிச்சம் கம்ப்யூட்டர்தான். நான் அதில்தான் வந்து நிற்கிறேன். பக்கவாட்டில் பன்னிரண்டு பொத்தான் வைத்த மௌஸ் விற்கிறார்கள். நடப்பது, குதிப்பது, சுடுவது எல்லாவற்றையும் அந்த ஒன்றிலேயே மாற்றி வைத்துக்கொள்ளலாம். வேறு எதிலும் இந்த அளவுக்கு நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. விளையாட்டுகளும் மலிவாகக் கிடைக்கும். கெட்டது என்றால், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். கொஞ்ச நேரத்தில் கை எரிய ஆரம்பிக்கிறது. அசையாத விரல்கள் எப்படி எரிகின்றன என்று என்னைக் கேட்காதே. டாக்டர் சொல்கிறார், நரம்பு கழுத்தில் வேரோடு பிய்ந்தால் அப்படித்தானாம்.

கம்ப்யூட்டரில் இன்னொரு நல்லதும் இருக்கிறது. புதுப்பெயரில் புதுக்கணக்கு ஆரம்பிக்கலாம். உள்ளே வருகிறவன் யார், எத்தனை கையோடு வருகிறான் என்று யாருக்கும் தெரியாது. பேக்டரி நண்பர்கள் ஹைருலும் கிஷனும் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். சனிக்கிழமைதோறும் நான் சேர்ந்து விளையாடியது அவர்களோடுதான். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். அவர்கள் ஹாலில் மெதுவாகப் பேசியது கேட்டது. ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி பேசினார்கள். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க எனக்கு விருப்பமில்லை.

ஆக, கம்ப்யூட்டர். என் ரூமில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

லோகா


பெர்த்
10 ஜூன் 2025

லோகா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கணக்குப் பார்த்தால் நீ சொல்வது சரிதான். ஆனாலும் கம்ப்யூட்டருக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

நீ எழுதிய நல்லதுகளில் கடைசியாக எழுதியதுதான் உனக்கு முதல் காரணம். கதவைச் சாத்திக்கொண்டு, வேறு பெயரில், வேறு ஆட்களோடு. நீ ஒளிந்துகொள்வதற்கு நான் ஒரு மெஷின் வாங்கித் தர மாட்டேன். அம்மா ஹாலில் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருப்பாள், நீ உள்ளே இருப்பாய். இப்போதும் அப்படித்தானே இருக்கிறது? அதை நிரந்தரமாக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமா?

கோபித்துக்கொள்வாய். பரவாயில்லை.

ஒன்று மட்டும் செய். கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய். வலைத்தளத்தில் படித்து ஒரு செருப்புகூட வாங்கக் கூடாது. அதற்குப் பிறகும் கம்ப்யூட்டர்தான் என்று நீ சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஜெகா


பாயான் பாரு
6 ஜூலை 2025

அக்கா,

ஒரு மாதம் உனக்கு எழுதவில்லை. "ஒளிந்துகொள்வதற்கு" என்ற வார்த்தைக்காகத்தான். இப்போதும் அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேற்று அம்மா கண்ணாடி மாற்ற டவுனில் இருக்கிற கொம்தாருக்குப் போக வேண்டும் என்றாள். "பஸ்ல தனியா போக பயமா இருக்கு லோகா, கூட வா" என்றாள். இருபது வருடம் பேக்டரி பஸ்ஸில் போய் வந்தவளுக்கு என்ன பயம்? நீ சொல்லிக் கொடுத்திருப்பாய் என்று நினைத்தேன். இல்லை என்று சத்தியம் செய்கிறாள். எப்படியோ, போனேன். கையைத் தூளியில் கட்டி, மேலே ஜாக்கெட் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் ஒரு சீனப் பாட்டி எழுந்து இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

கண்ணாடி ரெடியாக ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்து மாலில் மேல்மாடியில் ஒரு கேம் கடை இருக்கிறது. ஷேக் அலாவுதீன் என்பவருடையது. அவர் என் கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "என்ன வேணும் தம்பி?" என்றார். கம்ப்யூட்டர் மௌஸ் பார்க்க வேண்டும் என்றேன். எடுத்துக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், நான் பணம் கட்டத் தயாராகிவிட்டேன்.

அந்த நேரத்தில் அம்மா பெரிய டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரையில் ஒரு பச்சை மலை, ஒரு பொம்மை ஆள், காற்றில் ஆடும் புல். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அங்கே இருந்தது ஸ்விட்ச் என்ற கேம் மெஷின். உனக்குத் தெரியாது, அதன் கருவி இரண்டு துண்டாகப் பிரியும். இடது பாதி தனி, வலது பாதி தனி. நடுவில் கம்பியும் கிடையாது. அதை நான் ஒருபோதும் பெரிதாக நினைத்ததில்லை. படம் அவ்வளவு துல்லியமில்லை, சின்னப் பிள்ளைகள் சாமான் என்று நாங்கள் எல்லாரும் கிண்டல் செய்வோம்.

வலது பாதியை எடுத்தேன். ஒரு கைக்கு அளவாக இருந்தது. குச்சியைத் திருப்பினால் மலை சுற்றியது, பொத்தானை அழுத்தினால் ஆள் குதித்தான். ஆனால் நடக்கவில்லை. நடப்பது இடது பாதியில் இருக்கிறது. அது மேசையில் கிடந்தது.

"அம்மா, இத கொஞ்சம் புடி" என்றேன்.

"நானா? நான் எதையாச்சும் ஒடச்சிருவேன்டா."

"ஒடையாது. கட்டை விரல அந்தக் குமிழ் மேல வை. முன்னால தள்ளு."

தள்ளினாள். அந்த ஆள் புல்லுக்குள் நடக்க ஆரம்பித்தான். அம்மா கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள். பிறகு மறுபடியும் வைத்தாள்.

"இப்ப யாரு நடத்துறா, நானா?"

"நீதான்."

"நீ என்ன செய்யுற?"

"எங்க பாக்கணுமோ அங்க பாக்குறேன்."

"அப்ப ஒழுங்கா பாரு" என்றாள்.

நான் ஒரு கோபுரத்தைப் பார்க்கத் திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்புகிறேனோ அந்தப் பக்கம்தான் அவளுக்கு முன்பக்கம். ஆள் நேராகப் போய் மலையிலிருந்து விழுந்தான். அம்மா என்னை முறைத்தாள். "நான் நேராத்தான் போனேன், நீதான் கண்ட பக்கம் திருப்பிவிட்ட." மறுபடியும் போனோம். இந்தத் தடவை ஆற்றில் விழுந்தோம். ஷேக் அலாவுதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆன்ட்டி, நீங்க சொல்லிட்டு நடங்க, தம்பி, நீங்க சொல்லிட்டுத் திரும்புங்க" என்றார். அதன்படி செய்தோம். கோபுரத்துக்கு ஏறிப் போய்ச் சேர்ந்தோம், அக்கா.

ஏறி முடித்த பிறகுதான் கவனித்தேன். பின்னால் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாக்கெட் நழுவிக் கீழே கிடந்தது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

கண்ணாடிக் கடை மூடுவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் ஓடினோம்.

ஸ்விட்ச் வாங்கிவிட்டேன். என் சொந்தக் காசுதான், நீ ஒன்றும் அனுப்பாதே. ஹாலில் டிவிக்குக் கீழே வைத்திருக்கிறோம். பூச்சாடி குளியலறைக்குப் போய்விட்டது.

லோகா


பெர்த்
7 ஜூலை 2025

லோகா,

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா மேல் சத்தியம். அவளுக்கு நிஜமாகவே கண்ணாடி வேண்டியிருந்தது.

ஆபீஸில் உட்கார்ந்து படித்தேன். ஆற்றில் விழுந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி என்னவென்று கேட்டாள். எங்கள் அம்மாவும் தம்பியும் சேர்ந்து ஒரு ஆளாகிவிட்டார்கள் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்? சின்ன வயதில் உன்னோடு விளையாட நான் கேட்டால் நீ கருவியைத் தரவே மாட்டாய். அம்மாவுக்குப் பாதி கொடுத்திருக்கிறாய்.

உன் நண்பர்கள் எல்லாரும் பிளேஸ்டேஷனில் இருக்கிறார்களே, அவர்களோடு சேர்ந்து விளையாட இதில் முடியுமா? அதை மட்டும் சொல். வேறு எதையும் நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

ஜெகா


பாயான் பாரு
3 ஆகஸ்ட் 2025

அக்கா,

கவனித்தேன்.

எல்லா விளையாட்டிலும் முடியாது, சிலவற்றில் முடியும். ஒரு தீவில் எல்லாரும் குதித்துச் சண்டை போடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதில் எந்த மெஷினிலிருந்தும் யாரும் வரலாம். ஸ்விட்சின் குறைகள் நிறைய. படம் மங்கல், கூட்டம் சேர்ந்தால் திணறுகிறது. பேச்சுக்கு நாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாய்மேல் வைத்துக்கொள்கிறோம். மற்ற மெஷின்களை வைத்துப் பார்த்தால் இது கடைசி இடத்தில்தான் நிற்கும். ஆனால் வேறு எதையும் பாதியாகப் பிரித்து அம்மா கையில் கொடுக்க முடியாது.

போன சனிக்கிழமை நானே ஹைருலைக் கூப்பிட்டேன். அவன் எடுத்ததும், "மச்சான், உயிரோட இருக்கியா லா" என்றான். பழைய குரல்தான். கிஷனும் வந்தான். நாங்கள் குதித்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஹைருல் கேட்டான்.

"லோகா, ஏன்டா இப்படி நடக்குற? குடிச்சிட்டு நடக்குற மாதிரி."

"நான் நடக்கல. எங்கம்மா நடக்குறாங்க."

அம்மா போன் பக்கம் குனிந்து, "ஏன் தம்பி, அவ்வளவு மோசமாவா நடக்குறேன்?" என்றாள்.

"ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி. நல்லாத்தான் நடக்குறீங்க ஆன்ட்டி."

அப்புறம் எப்படி விளையாடுகிறோம் என்று சொன்னேன். கையைப் பற்றியும் சொன்னேன். முழுதாக, முதல் தடவையாக. அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே என்னைச் சுட வந்த ஒருவனைச் சுட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு குறை சொல்ல வேண்டும். அம்மா யாரையும் துரத்த மாட்டாள். எதிரி ஓடினால் நின்றுவிடுகிறாள். "பாவம்டா, அவன் வீட்டுக்குப் போறான்." நாங்கள் ஜெயிக்கவே போவதில்லை.

இனி நீ கேட்காததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்தேன். நானே போனேன். இவ்வளவு நாள் ஏன் தள்ளிப் போட்டேன் என்று உனக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. கத்தி வைக்காதவரை, ஒரு நாள் காலையில் எழுந்தால் கை தானாக அசையும் என்று நினைத்துக்கொள்ளலாம். கத்தி வைத்த பிறகு அப்படி நினைக்க முடியாது.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். விரல் வராது. முழங்கை மடங்க வாய்ப்பு இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது. விலா எலும்புகளுக்கு நடுவில் ஓடும் நரம்பை எடுத்துக் கைத்தசையில் சேர்ப்பார்களாம். அது மூச்சுக்கு உதவுகிற நரம்பு. அதனால் அது தசையில் பிடித்துக்கொண்டால் ஆரம்பத்தில் மூச்சை ஆழமாக இழுக்கும்போதுதான் கை மடங்குமாம். அதற்கே ஒரு வருடம் போல ஆகலாம்.

நான் கேட்டேன், "முழங்கை மடங்கினால், ஒரு சாமானை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள முடியுமா?" என்ன சாமான் என்றார். கேம் கருவி என்று சொன்னேன். அவர் என் மடியில் தன்னுடைய போனை வைத்து, என் கையைத் தூக்கி அதன்மேல் மடக்கிப் பார்த்தார். "பிடிக்கலாம்" என்றார்.

இந்த மாதக் கடைசியில் தேதி. மெஷினுக்காக ஒத்துக்கொண்டேன் என்று நீ யாரிடமும் சொல்லக் கூடாது. அம்மாவுக்காகவும் இல்லை. வந்தால் முழங்கை, வராவிட்டால் இப்போது இருப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

லோகா


பெர்த்
4 ஆகஸ்ட் 2025

லோகா,

யாரிடமும் சொல்ல மாட்டேன்.

லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. தீபாவளிக்குத்தான் வர முடியும். ஆபரேஷன் அன்று போனைக் கையிலேயே வைத்திருப்பேன். முடிந்ததும் எனக்குப் போன் அடிக்க அம்மாவிடம் சொல், நீ பேச வேண்டாம்.

ஜெகா


பாயான் பாரு
21 செப்டம்பர் 2025

அக்கா,

வலது கையால் தட்டுகிறேன், மெதுவாக. சிரிக்க வைக்கிற மாதிரி பதில் எழுதாதே, எனக்குச் சிரித்தால் விலா வலிக்கிறது.

வெட்டிய இடமெல்லாம் ஆறி வருகிறது. இடது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், இம்மியும் நகர்த்தக் கூடாதாம். தெரபிஸ்ட் சுபாஷினி வந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆழமாக இழுக்க வேண்டும், முழங்கை மடங்குவதாக மனசில் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் மடங்கவில்லை. இப்போது மடங்காது, மடங்கினால்தான் ஆச்சரியம் என்கிறார். ஆனாலும் இழுக்கிறேன்.

ரூமில் படுக்கவில்லை. ஹாலில் மெத்தை போட்டிருக்கிறோம். விளையாட எனக்குத் தடை. உடம்பு குலுங்குமாம். முதல் வாரம் மெஷின் சும்மாதான் கிடந்தது. பிறகு ஒரு சாயங்காலம் அம்மா கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிவியைப் போட்டாள். வலது பாதியையும் எடுத்துக்கொண்டாள்.

"இதுல எது எதுக்கு, சொல்லு."

சொன்னேன். இரண்டு கையிலும் இரண்டு பாதியை வைத்துக்கொண்டு, புதுக் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதலில் சுவரைப் பார்த்தபடி நடந்தாள். வானத்தைப் பார்த்தபடி நடந்தாள். குதிக்க வேண்டிய இடத்தில் குனிந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, படுத்துக்கொண்டே கத்தினேன்: அங்கே திருப்பு, இங்கே ஏறு, அது வழி இல்லை.

நேற்று ஹைருலும் கிஷனும் வீட்டுக்கே வந்தார்கள். மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் போர்வையை இழுக்கவில்லை. அம்மா அவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு பெரிய மலையில் ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை வழுக்கினாள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன், "அம்மா, வலது பக்கம் பாரு, வலது பக்கம்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நீ சும்மா மூச்ச இழுத்துக்கிட்டு படுடா. எனக்குத் தெரியும்."

ஏறிவிட்டாள், அக்கா.

லோகா